பெட்டி முழுவதும்தான் சிபியு

"அண்ணே, இதை ஓவர்கிளாக் பண்ணித் தர முடியுமா?"

இந்தக் கேள்வியோடு மாதத்துக்கு ஒருவராவது என் சர்வீஸ் கடைக்கு வருகிறார். கொண்டுவருவது ஷோரூமில் தவணை போட்டு வாங்கிய கம்பெனி டெஸ்க்டாப். வாங்கி இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். வீடியோ எடிட்டிங்கோ கேமோ இழுக்கத் தொடங்கியிருக்கும். அதற்குள் யாரோ அவர் காதில் ஓதியிருப்பார்கள்: கம்பெனிக்காரன் ப்ராசஸரை வேண்டுமென்றே அடக்கி வைத்து விற்கிறான், உள்ளே இன்னும் நிறைய வேகம் கிடக்கிறது, பெரிய கூலர் ஒன்றை மாட்டிவிட்டு கிளாக்கை ஏற்றினால் அந்த வேகம் சும்மா கிடைக்கும் என்று.

படித்த பிள்ளைகள், கம்ப்யூட்டர் விற்பவர்கள், என் தொழிலிலேயே இருக்கும் நண்பர்கள் எல்லோரும் இதை ஏறக்குறைய உண்மை என்றே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். நான் இதை அடியோடு மறுக்கிறேன். கடையில் வாங்கிய டெஸ்க்டாப்புக்குள் ஒளித்துவைத்த வேகம் எதுவும் இல்லை. அட்டையில் அச்சிட்டு, உங்களிடம் காசு வாங்கிக்கொண்டு விற்ற வேகத்தையே அந்தப் பெட்டி உங்களுக்கு முழுதாகத் தருவதில்லை. வாங்கியதையே இன்னும் கையில் பெறாத ஒருவர் அதற்கு மேல் கேட்பதற்காகப் பணத்தையும் உழைப்பையும் கொட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

இந்த நம்பிக்கை ஒரு காலத்தில் சரியாக இருந்தது. அதை ஒப்புக்கொள்கிறேன். 1998 ஆகஸ்டில் இன்டெல் செலரான் 300ஏ என்ற மலிவு ப்ராசஸரை வெளியிட்டது. அதன் மல்டிபிளையர் 4.5 என்று பூட்டியிருந்தார்கள். மதர்போர்டிலிருந்து வரும் அடிப்படைத் துடிப்பு 66 மெகாஹெர்ட்ஸ். இரண்டையும் பெருக்கினால் 300. அபிட் பிஎச்6 போன்ற போர்டில் அதை மாட்டி அந்த 66-ஐ 100 ஆக்கினால் 450 மெகாஹெர்ட்ஸ் வந்துவிடும். பல மடங்கு விலையுள்ள பென்டியம் 2 அன்று தொட்ட உச்சமும் அதே 450-தான். மலிவு சிப், உச்ச வேகம், கூடவே பெரிய சூடும் இல்லை. அடுத்து 2000-த்தில் ஏஎம்டியின் அத்லான், டியூரான் சிப்களின் மேலிருந்த சின்னஞ்சிறு பாலங்களைப் பென்சில் கரியால் இணைத்தே மல்டிபிளையரைத் திறந்தார்கள். 2007-இல் வந்த கோர் 2 குவாட் க்யூ6600-ஐ 266-இலிருந்து 333-க்கு ஏற்றினால் 2.4 கிகாஹெர்ட்ஸ் 3.0 ஆகும். நானே அப்படி ஓட்டியிருக்கிறேன், அந்த மகிழ்ச்சியும் எனக்குத் தெரியும்.

ஆனால் அது எப்படி முடிந்தது என்று யோசிக்க வேண்டும். அன்று ஒரே வார்ப்பில் வந்த சிப்களுக்குச் சந்தைத் தேவைக்கேற்பப் பல வேகங்களை எழுதி விற்றார்கள். எழுதிய வேகத்துக்கும் சிப்பால் முடிந்த வேகத்துக்கும் இடையே அகலமான இடைவெளி இருந்தது, அதைத்தான் பயனாளர்கள் அள்ளிக்கொண்டார்கள். இன்று அந்த இடைவெளியைத் தயாரிப்பாளரே அள்ளிவிட்டார். 2008 நவம்பரில் முதல் கோர் ஐ7 சிப்களோடு டர்போ பூஸ்ட் வந்தது. சூடும் மின்சாரமும் இடம் கொடுக்கிற அளவுக்கு ப்ராசஸர் தானே கிளாக்கை ஏற்றிக்கொள்ளும், இடமில்லையென்றால் இறக்கிக்கொள்ளும். 2017-இல் ரைசன் வந்தபோது ஏஎம்டியும் அதையே இன்னும் நுணுக்கமாகச் செய்தது. சிப்பின் வெப்பத்தையும் மின்னோட்டத்தையும் நொடிக்குப் பல நூறு முறை அளந்து, கிடைக்கிற ஒவ்வொரு சிறு இடைவெளியையும் அதுவே பயன்படுத்துகிறது. ஓவர்கிளாக் என்று நாம் அன்று கையால் செய்ததை இன்று சிப் தானாகவே செய்கிறது, நம்மைவிட நன்றாகச் செய்கிறது. அதற்கு மேல் மிஞ்சியிருப்பது அடிமண்டிதான்.

நம் ஊர் வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் சிபியு என்றால் மேசைக்குக் கீழே இருக்கும் பெட்டி முழுவதும்தான். "சிபியுவைத் தூக்கிட்டு வாங்க" என்றால் கேபினெட்டோடு கொண்டுவருவார்கள். படித்தவர்கள் இதைத் தவறு என்று திருத்துவார்கள், சிபியு என்பது உள்ளே இருக்கும் விரலகலச் சிப் மட்டுமே என்பார்கள். இத்தனை வருடம் பெட்டிகளைக் கழற்றி மாட்டிய அனுபவத்தில் சொல்கிறேன், இன்றைய ப்ராசஸரைப் பொறுத்தவரை நம் மக்கள் பேச்சுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்தச் சிப் என்ன வேகத்தில் ஓடும் என்பதைக் கேபினெட்டின் துளைகளும், ஹீட்சிங்க்கின் எடையும், ஃபேனும், எஸ்எம்பிஎஸ்ஸும், போர்டில் ப்ராசஸரைச் சுற்றியிருக்கும் மின்னழுத்தப் பகுதியும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன.

எடுத்துக்காட்டுக்கு 2020-இல் வந்த கோர் ஐ7-10700-ஐப் பார்க்கலாம். கம்பெனி டெஸ்க்டாப்புகளில் ஏராளமாக வந்தது. எட்டு கோர், பதினாறு த்ரெட். விளம்பரத்தில் 4.8 கிகாஹெர்ட்ஸ் வரை என்று போட்டிருக்கும். எட்டுக் கோரும் சேர்ந்து உழைத்தால் 4.6 வரை போகும். ஆனால் இன்டெல் உறுதி கொடுக்கும் அடிப்படை வேகம் 2.9 மட்டுமே. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எல்லாமே இருக்கிறது. 65 வாட் என்பது நீண்ட நேரம் ஓடுவதற்கான சக்தி. குறுகிய நேரத்துக்கு 224 வாட் வரை இழுத்துக்கொள்ளலாம் என்று இன்டெல்லின் பரிந்துரை சொல்கிறது. அந்தக் குறுகிய நேரம் 28 நொடி. அதற்குப் பிறகு சிப் 65 வாட்டுக்கு இறங்கிவிட வேண்டும்.

கடையில் மெஷினைப் போட்டுக்காட்டும்போது பிரவுசர் சட்டென்று திறக்கும், ஃபைல் சட்டென்று திறக்கும். அதெல்லாம் 28 நொடிக்குள் முடிகிற வேலை. ஒரு மணி நேரக் கல்யாண வீடியோவை ரெண்டர் போடுவது 28 நொடியில் முடிகிற வேலையா? அரை நிமிடம் கழித்து அந்தச் சிப் இறங்கி, மீதி நேரம் முழுவதும் விளம்பரத்தில் பார்த்த எண்ணுக்கு வெகு கீழே ஓடிக்கொண்டிருக்கும். பல பெட்டிகளில் 28 நொடி கூடத் தாங்காது. அதற்குள் சிப் 100 டிகிரியைத் தொட்டு, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள கிளாக்கைக் குறைத்துவிடும். ஏனென்றால் அதன் மேல் உட்கார்ந்திருக்கும் ஹீட்சிங்க், 65 வாட் ப்ராசஸருக்கு இது போதும் என்று கணக்குப் போட்டு வைத்த உள்ளங்கை அகல அலுமினியத் துண்டு. 224 வாட் ஓடக்கூடிய சிப்பை வாங்கவைத்து, 65 வாட் தாங்கும் உலோகத்தை அதன் தலையில் வைத்து விற்கிறார்கள். நம் கோபம் போக வேண்டிய இடம் இது.

இப்போது ஓவர்கிளாக் ஆசையை இந்தப் பெட்டியோடு வைத்துப் பாருங்கள். முதலில், ஐ7-10700-இன் மல்டிபிளையர் பூட்டியது. பெயரின் கடைசியில் கே என்ற எழுத்து உள்ள சிப்களைத்தான் இன்டெல் திறந்துவைக்கிறது, அதற்கும் இசட் வரிசை சிப்செட் உள்ள போர்டு வேண்டும். கம்பெனி டெஸ்க்டாப்புகளில் பெரும்பாலும் பி, எச் வரிசைகள்தான் இருக்கும். அடிப்படைத் துடிப்பை ஏற்றலாமே என்பார்கள். 2011-இல் சாண்டி பிரிட்ஜ் வந்தபோதே அந்த 100 மெகாஹெர்ட்ஸ் துடிப்பை பிசிஐ எக்ஸ்பிரஸ், சாட்டா, யுஎஸ்பி எல்லாவற்றோடும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். இரண்டு மூன்று சதவீதம் ஏற்றினாலே டிஸ்க் தடுமாறத் தொடங்கும். 2015-இல் வந்த ஸ்கைலேக்கில் அந்தக் கட்டு கொஞ்சம் தளர்ந்தது. சில போர்டு நிறுவனங்கள் அதைப் பிடித்துக்கொண்டு பூட்டிய சிப்களையும் ஏற்றிக் காட்டின. 2016 தொடக்கத்தில் பயாஸ் அப்டேட் வழியாக அதுவும் மூடப்பட்டது.

பூட்டு என்றாலே பேராசை என்று சொல்பவர்களுக்கு ஒன்று நினைவூட்டுகிறேன். தொண்ணூறுகளில் சில வியாபாரிகள் குறைந்த வேகச் சிப்பின் மேலிருந்த எழுத்தைச் சுரண்டிவிட்டு, கூடிய வேகத்தை அச்சிட்டு, அதிக விலைக்கு விற்றார்கள். வாங்கியவருக்குத் தான் ஏமாந்ததே தெரியாது. மல்டிபிளையர் பூட்டுக்கு அந்தத் திருட்டும் ஒரு காரணம். இன்று அந்தப் பூட்டு விலைப்பட்டியலைப் பிரிக்கவும் பயன்படுகிறது என்பதை நான் மறைக்கவில்லை. 2017 முதல் ஏஎம்டி தன் ரைசன் சிப்களில் பெரும்பாலானவற்றைத் திறந்தே விற்றது, ஏ320 போன்ற அடிமட்ட சிப்செட்டில் மட்டும் ஏற்ற முடியாது. ஆனால் திறந்துவிட்டதால் கடையில் வாங்கிய பெட்டிக்கு என்ன கிடைத்தது? ஒன்றும் பெரிதாகக் கிடைக்கவில்லை. பூட்டே இல்லாத சிப்பும் இந்தப் பெட்டியின் சூட்டில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறது.

சூட்டின் கணக்கு எளியது, ஆனால் இரக்கமில்லாதது. ப்ராசஸர் தின்னும் மின்சக்தி கிளாக்கோடு நேராகவும், வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறுகிறது. கிளாக்கைப் பத்து சதவீதம் ஏற்ற வேண்டும், அதற்காக வோல்டேஜையும் பத்து சதவீதம் ஏற்ற வேண்டும் என்று வைத்துக்கொண்டால் 1.1-ஐ மூன்று முறை பெருக்க வேண்டும். 1.33 வரும். பத்து சதவீத வேகத்துக்கு 33 சதவீதம் கூடுதல் மின்சாரம், அவ்வளவும் சூடாகத்தான் வெளியே வரும். ஐபிஎம்மில் இருந்த ராபர்ட் டென்னார்ட் 1974-இல் எழுதிய கட்டுரையில், டிரான்சிஸ்டரைச் சுருக்கச் சுருக்க வோல்டேஜும் சேர்ந்து குறையும், அதனால் சூடு ஏறாது என்று காட்டியிருந்தார். முப்பது ஆண்டுகள் அந்த வரவில்தான் கணினித் தொழில் வாழ்ந்தது. 2005-ஐ ஒட்டி அந்த வழி அடைபட்டது. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வரும் என்று அறிவித்த இன்டெல், 2004 அக்டோபரில் அதைக் கைவிட்டது. உலகத்திலேயே பெரிய சிப் நிறுவனமே கிளாக்கை மட்டும் நம்பும் பாதையை விட்டு விலகிய வருடம் அது.

அதோடு, பத்து சதவீதக் கிளாக் பத்து சதவீத வேகமும் அல்ல. ப்ராசஸர் நினைவகத்திலிருந்து ஒரு தகவல் கேட்டால் அது வந்துசேர ஏறத்தாழ 80 நானோநொடி ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4.5 கிகாஹெர்ட்ஸில் ஓடும் சிப்புக்கு அது 360 துடிப்பு நேரம். அதை 5.0-க்கு ஏற்றினால் 400 துடிப்பு நேரம். ராம் அதே ராம்தான், சிப் இன்னும் வேகமாகச் சும்மா காத்திருக்கிறது. இதே டெஸ்க்டாப்புகளில் பெரும்பாலும் ஒரே ஒரு 8 ஜிபி ராம் குச்சியை மட்டும் போட்டு, இரண்டாவது சேனலைக் காலியாக விட்டிருப்பார்கள். அந்தக் காலி இடத்தில் இன்னொரு குச்சியை மாட்டினால் ராமிலிருந்து தகவல் வரும் பாதையின் அகலம் இரட்டிப்பாகும். இன்னும் ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் ஓடும் மெஷின்களும் வருகின்றன. நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் டிஸ்க்கில் அரைச் சுற்றுக்கே 4 மில்லிநொடி போய்விடும். எஸ்எஸ்டி அதைவிடப் பல மடங்கு விரைவில் பதில் சொல்லும். ப்ராசஸரை 200 மெகாஹெர்ட்ஸ் ஏற்றித் தரச் சொல்லி வருபவரின் மெஷினைத் திறந்து, ஒற்றைக் குச்சி ராமையும் பழைய டிஸ்க்கையும் பார்க்கும்போது, இவருக்கு அந்த யோசனையைச் சொன்னவர் மேல் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது.

பெரிய கூலர் மாட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு வருகிறேன். கூலர் சூட்டை அழிப்பதில்லை. சிப்பிலிருந்து எடுத்துப் பெட்டிக்குள் இருக்கும் காற்றில் விடுகிறது. அந்தக் காற்று வெளியே போகவில்லையென்றால் அதே காற்றையே கூலர் மறுபடி உறிஞ்சும். தண்ணீர்க் கூலரும் அப்படித்தான், தண்ணீர் சூட்டை ரேடியேட்டருக்குச் சுமந்து போகிறது, ரேடியேட்டர் காற்றில் விடுகிறது. அறையின் வெப்பத்துக்குக் கீழே எந்த ஃபேனாலும் எந்தத் தண்ணீராலும் சிப்பைக் கொண்டுபோக முடியாது. 2011-இல் ஏஎம்டி எஃப்எக்ஸ் சிப்பை 8.429 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றிச் சாதனை படைத்தவர்கள் திரவ நைட்ரஜனும் திரவ ஹீலியமும் ஊற்றித்தான் அதைச் செய்தார்கள். அந்தக் காட்சிக்கும் வீட்டு மேசைக்கும் எந்த ஒட்டுறவும் இல்லை.

ஒரு கணக்குப் போடுவோம். ஒவ்வொரு வாட்டுக்கும் 0.4 டிகிரி ஏறுகிற நடுத்தரக் கூலர் என்று வைத்துக்கொள்வோம். 130 வாட்டுக்கு 52 டிகிரி ஏறும். அறை 22 டிகிரி, பெட்டிக்குள் 30 என்றால் சிப் 82-இல் நிற்கும், கவலையில்லை. அதே கூலர், அதே சிப், மதுரையில் சித்திரை வெயிலில் அறையே 36 டிகிரி. முன்பக்கம் மூடிய பெட்டிக்குள் 46. அதோடு 52-ஐக் கூட்டினால் 98. சிப் தன்னை இறக்கிக்கொள்ளத் தொடங்கும் விளிம்பு. குளிரூட்டிய அறையில் இருபது, இருபத்திரண்டு டிகிரியில் சோதித்து, இந்தக் கூலர் போதும் என்று யாரோ எழுதியதை நம்பி நம் பிள்ளைகள் வாங்குகிறார்கள். நம் அறை வெப்பம் ஒரு டிகிரி கூடினால் சிப்பும் ஒரு டிகிரி கூடும், அதில் எந்தச் சலுகையும் கிடையாது.

கேபினெட் என்று வரும்போது கம்பெனி டெஸ்க்டாப்புகளின் நிலை வருந்தத்தக்கது. முன்பக்கம் வழவழப்பான பிளாஸ்டிக், காற்று நுழைய ஓரத்தில் ஒரு கோடு, பின்னால் ஒரே ஒரு சின்ன ஃபேன். இது தெரியாத பிழையல்ல. 2004 வாக்கில் இன்டெல்லே பிடிஎக்ஸ் என்ற புதிய பெட்டி அமைப்பைக் கொண்டுவந்தது. ப்ராசஸரை முன்பக்கம் வைத்து, நேர்க்கோட்டில் குளிர்ந்த காற்று முதலில் அதன் மேல் பட்டு, பிறகு மற்ற பாகங்களைக் கடந்து பின்னால் போகும்படி வடிவமைத்தார்கள். நல்ல யோசனை. போர்டு, பெட்டி எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருந்ததால் சந்தை ஏற்கவில்லை. சூடு குறைந்த கோர் 2 சிப்களும் வந்துவிடவே 2006-இல் இன்டெல் அதைக் கைவிட்டது. அதற்குப் பிறகு சிப்களின் வாட் கணக்கு பென்டியம் 4-ஐயும் தாண்டிப் போய்விட்டது, மலிவுப் பெட்டிகளில் காற்றின் பாதை மட்டும் அப்படியே நிற்கிறது.

சரி, எல்லாம் தாண்டி ஒருவர் எப்படியோ ஏற்றிவிட்டார், மெஷினும் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். "ஒரு மணி நேரம் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் போட்டேன், ஹேங் ஆகலை" என்பார்கள். அந்தச் சான்று போதாது. வேகமாக ஓடும் சிப் உடனே நின்றுவிட்டால் நல்லது, தவறு தெரிந்துவிடும். எப்போதாவது ஒரு பிட்டைத் தவறாகக் கணக்கிட்டுவிட்டு நிற்காமல் ஓடினால் அது எந்த ஃபைலில் போய் உட்காரும் என்று யாருக்கும் தெரியாது. மைக்ரோசாஃப்டின் ரேமண்ட் சென் 2005-இல் இதைப் பற்றி எழுதினார். விண்டோஸ் தகர்ந்ததாக வரும் அறிக்கைகளில் சில, தகரவே முடியாத கட்டளையில் தகர்ந்ததாகக் காட்டின. விசாரித்தபோது அவை ஓவர்கிளாக் செய்த மெஷின்கள். அவற்றின் உரிமையாளர்களில் சிலருக்குத் தங்கள் மெஷின் ஓவர்கிளாக் ஆனதே தெரியாது, கடைக்காரர் ஏற்றி, கூடிய வேகம் என்று சொல்லி விற்றிருந்தார்.

2011-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் ஏறத்தாழ பத்து லட்சம் நுகர்வோர் கணினிகளின் வன்பொருள் பழுதுகளை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். ஓவர்கிளாக் செய்த மெஷின்கள் ப்ராசஸர் பழுதால் தகரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம் என்று வந்தது. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டவை வேறு இரண்டு முடிவுகள். குறித்த வேகத்துக்குச் சற்றுக் கீழே ஓடிய மெஷின்கள் சாதாரண மெஷின்களைவிடக் குறைவாகத் தகர்ந்தன. பெயருள்ள நிறுவனங்களின் டெஸ்க்டாப்புகள் கூட்டிச் சேர்த்த பெட்டிகளைவிடக் குறைவாகத் தகர்ந்தன. அதாவது கடையில் வாங்கிய மெஷினிடம் உண்மையான செல்வம் ஒன்று இருக்கிறது, அதன் நம்பகம். ஓவர்கிளாக் செய்பவர் முதலில் அதைத்தான் செலவழிக்கிறார். அவரிடம் இருப்பது ஒரு குடும்பத்தின் கல்யாண வீடியோ, யாரோ ஒருவரின் ஆய்வேடு, ஒரு சின்ன வியாபாரத்தின் கணக்கு. திரும்ப எடுக்க முடியாத பொருள்கள் அவை.

தயாரிப்பாளருக்கே வோல்டேஜ் விஷயத்தில் கை சுட்டிருக்கிறது. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை உயர்வேகச் சிப்கள் காரணமில்லாமல் தகர்வதாகப் புகார்கள் குவிந்தன. 2024 ஜூலையில், சிப் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கிக்கொள்வதுதான் சிக்கல் என்று இன்டெல் ஒப்புக்கொண்டது. ஏறிய வோல்டேஜும் சூடும் சேர்ந்து சிப்புக்குள் இருக்கும் ஒரு சுற்றை வேகமாக முதுமையாக்கின. ஆகஸ்டில் திருத்தம் வந்தது, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டித்தார்கள். ஆனால் ஏற்கெனவே கெட்டுப்போன சிப்பை எந்தத் திருத்தத்தாலும் மீட்க முடியவில்லை. 2023-இல் ரைசன் 7000 வரிசையிலும் சில போர்டுகள் கூடுதல் வோல்டேஜ் கொடுத்துச் சிப்களைக் கருக்கின, ஏஎம்டி 1.3 வோல்ட்டுக்கு மேல் போகாதபடி எல்லை கட்டியது. பெரும் ஆய்வகங்கள் வைத்திருப்பவர்களே தவறிய எல்லை இது. பயாஸில் பிளஸ் பொத்தானை அமுக்கும் ஒரு கல்லூரி மாணவர் அதைச் சரியாகக் கணித்துவிடுவார் என்று நான் எந்த நெஞ்சோடு சொல்வது?

இத்தனைக்கும் எதிராக ஒரு கேள்வி வரும், நியாயமான கேள்வி. பெட்டியைத் திருத்தி, கூலரை மாற்றி, 65 வாட் எல்லையைக் கூட்டினால் அதுவும் ஓவர்கிளாக்தானே? இல்லை. சக்தி எல்லையைக் கூட்டும்போது சிப் தனக்குக் குறித்த உச்ச கிளாக்கைத் தாண்டுவதில்லை, ஒவ்வொரு கிளாக்குக்கும் தயாரிப்பாளர் சோதித்துக் குறித்த வோல்டேஜையும் தாண்டுவதில்லை. 28 நொடி மட்டும் கிடைத்த வேகம் இன்னும் நீண்ட நேரம் கிடைக்கிறது, அவ்வளவுதான். விலை கொடுத்து வாங்கிய எல்லைக்குள் நிற்கிறீர்கள்.

போன கோடையில் ஒரு வீடியோகிராபர் தம்பி கொண்டுவந்தது இதே ஐ7-10700 பெட்டி. ரெண்டர் போட்டால் ராத்திரி முழுக்க இழுக்கிறது, ஓவர்கிளாக் பண்ணிக் கொடுங்கள் என்றார். திறந்தேன். ஹீட்சிங்க்கின் இதழ்களுக்கு நடுவே தூசு பஞ்சு மெத்தையாகப் படிந்திருந்தது. பேஸ்ட் காய்ந்து பொரிந்து போயிருந்தது. உலோகத்துக்கும் சிப்புக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களில் காற்று நிற்கும். காற்று வெப்பத்தைக் கடத்துவதில் செம்பைவிடப் பல்லாயிரம் மடங்கு மந்தம். அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் பேஸ்ட், அது பொரிந்தால் பயனே இல்லை. ப்ளோயர் போட்டு ஊதி, பழைய பேஸ்டைத் துடைத்து, புதிதாக வைத்தேன். முன்பக்க பிளாஸ்டிக்கைக் கழற்றிவிட்டு இரும்பு வலை வைத்தோம், உள்ளே இழுக்கும் ஃபேன் ஒன்றையும் சேர்த்தோம். கூலர் வாங்கும் இடத்தில்தான் சிக்கல். அந்த போர்டில் திருகுத் துளைகளும் ஃபேன் செருகியும் அந்தக் கம்பெனிக்கே உரிய அளவில் இருந்தன, கடைகளில் கிடைக்கும் சாதாரணக் கூலர் உட்காரவில்லை. எஸ்எம்பிஎஸ் செருகியும் அப்படித்தான். இரண்டு நாள் அலைந்து, சென்னை ரிச்சி தெருவிலிருந்து பொருந்தும் தாங்கி ஒன்றை வரவழைத்தோம்.

பயாஸைத் திறந்து தா, மல்டிபிளையரை விடு என்று நிறுவனங்களோடு மல்லுக்கு நிற்பவர்கள் அந்த நேரத்தை இந்தச் செருகிகளுக்காகச் செலவிட்டால் எத்தனையோ மெஷின்கள் பிழைக்கும். வோல்டேஜைக் குறைக்கும் வசதியும் போய்விட்டது. சிப் கேட்பதைவிடச் சற்றுக் குறைந்த வோல்டேஜில் அதே வேகத்தில் ஓட்டி, சூட்டைக் குறைப்பது நல்ல வழக்கமாக இருந்தது. 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானதும், அதை அடைக்கப்போய் பல மெஷின்களில் அந்த வசதியையே மூடிவிட்டார்கள். ஓட்டையை அடைத்ததில் தவறில்லை. ஆனால் உரிமையாளர் விரும்பினால் பயாஸில் திறந்துகொள்ளும் வழியையாவது எல்லா நிறுவனங்களும் வைத்திருக்க வேண்டும். ஏஎம்டி 2022-இல் ரைசன் 7000-ஐ 95 டிகிரி வரை போகும்படி விட்டு விற்றபோது, கூடவே எக்கோ மோடையும் கொடுத்தது. 7950எக்ஸ் சிப்பை 170 வாட் வகுப்பிலிருந்து 105-க்கு இறக்கினால் வேகத்தில் சில சதவீதமே போகிறது, சூடு வெகுவாகக் குறைகிறது. கடைசி சில சதவீதத்துக்காக எவ்வளவு மின்சாரம் எரிகிறது என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. மின்சாரம் நம் ஊரில் சின்ன விஷயமும் இல்லை. கூடுதலாக 80 வாட், தினம் ஆறு மணி நேரம், இரண்டு மாதக் கணக்கில் ஏறத்தாழ 29 யூனிட் வரும். 2016-இல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டை இலவசமாக்கினார்கள், அதில் கால்வாசிக்கு மேல் அது.

அந்தத் தம்பியின் மெஷினில் நல்லவேளையாகச் சக்தி எல்லையை பயாஸ் பூட்டியிருக்கவில்லை. மின்னழுத்தப் பகுதியில் ஹீட்சிங்க் இல்லாததால் 224 பக்கம் போகவே இல்லை, 95 வாட்டில் நிறுத்தினேன். இரண்டாவது ராம் குச்சியும் போட்டோம். வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம் கடையிலேயே அவர் ஃபைலை ரெண்டர் போட்டுவிட்டு, வெப்பம் காட்டும் திரையை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். முன்பு ஒரு நிமிடத்தில் நூறைத் தொட்ட சிப் எண்பதுகளில் ஏறி அங்கேயே நின்றது. கிளாக்கும் இறங்கவில்லை.

"அப்ப ஓவர்கிளாக் பண்ணலையாண்ணே?" என்றார்.

"பண்ணலை தம்பி. நீங்க வாங்கினதைத்தான் எடுத்துக் குடுத்திருக்கேன். மாசத்துக்கு ஒரு தடவை அந்த முன்னாடி வலையைக் கழட்டித் தட்டுங்க."

இந்த வருடம் கத்திரி தொடங்குவதற்கு முன்பே பேஸ்ட் மாற்ற வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு வந்தார். திறந்து பார்த்தேன். வலை சுத்தமாக இருந்தது. பேஸ்ட் இன்னும் ஈரமாகவே இருந்தது, மூடிக் கொடுத்துவிட்டேன்.